டென்மார்க் நாட்குறிப்பு: அமைச்சர்கள் போன வழியே

புதன், கோபன்ஹேகன்

டென்மார்க்குக்குப் போகிறேன் என்றதும் கடற்கன்னி சிலை, டிவோலி பூங்கா, லெகோ என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். நான் பார்க்க வந்தது வேறு. மொத்த மக்கள்தொகையே சுமார் 60 லட்சம். ஆனால் உலகச் சுற்றுச்சூழல் மாநாடு எங்கே நடந்தாலும் மேசையின் முக்கியமான மூலையில் ஒரு டேனிஷ் அமைச்சர் உட்கார்ந்திருப்பார். அது எப்படி என்று அந்த அமைச்சர்களின் கை பட்ட இடங்களைச் சுற்றியே பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். 2025 மே மாதம். நல்ல வெயில், ஆனாலும் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியவில்லை.

ஊருக்கு நடுவே கால்வாய் சூழ்ந்த ஸ்லாட்ஸ்ஹோல்மன் தீவு. அதன்மேல் கிறிஸ்தியான்ஸ்போர் அரண்மனை. நாடாளுமன்றம், பிரதமர் அலுவலகம், உச்ச நீதிமன்றம் மூன்றும் ஒரே கட்டடத்தில். கோபுரத்தின் மேலே போகக் கட்டணம் கிடையாது. அங்கிருந்து பார்த்தால் 2024 ஏப்ரலில் தீப்பிடித்து எரிந்த பழைய பங்குச்சந்தைக் கட்டடம் சாரம் கட்டி நிற்பது தெரிகிறது.

எனக்குப் பிடித்தது கீழே, உறுப்பினர்கள் நுழையும் வாசலுக்கு மேலே இருக்கும் கல்முகங்கள்தான். நான்கு முகம், நான்கு வலி: பல்வலி, காதுவலி, தலைவலி, வயிற்றுவலி. ஒன்று கன்னத்தை இறுக்கிக்கொண்டு கோணிப்போய் நிற்கிறது. தினமும் அதன் அடியில் நுழைந்து போகிறவர்களுக்கு ஊரார் பாடு நினைவுக்கு வரட்டும் என்று செதுக்கினார்களா, இல்லை உள்ளே போனால் இதுதான் கதி என்ற எச்சரிக்கையா, தெரியாது. வாசலையொட்டி சைக்கிள்கள் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. சிவப்பு விளக்குக் கார் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

அமைச்சர்களிடம் உறுப்பினர்கள் கேள்வி கேட்கும் நாள் புதன்கிழமை. பார்வையாளர் மாடத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். மொத்தம் 179 இடங்கள், அதில் கிரீன்லாந்துக்கு இரண்டு, ஃபாரோ தீவுகளுக்கு இரண்டு. மேசையைத் தட்டும் சத்தம் இல்லை, வெளிநடப்பும் இல்லை. என்னைத் தங்க வைத்திருக்கும் நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு மொழிபெயர்த்தார். "சண்டை எங்கே?" என்று கேட்டேன். "சண்டை எல்லாம் முன்னாடியே மூடின அறையில முடிஞ்சிருக்கும். இங்கே கையெழுத்துதான்" என்றார்.

அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. டென்மார்க்கில் ஒரு கட்சி தனியாகப் பெரும்பான்மை பெறுவது அபூர்வம். அதனால் பெரிய விஷயங்களை எதிர்க்கட்சிகளையும் உட்கார வைத்துப் பேசி, எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கையெழுத்துப் போட்ட கட்சி பின்னால் ஆட்சிக்கு வந்தாலும் அதைச் சட்டென்று தூக்கி எறிய முடியாது. 2012-இல் மார்ட்டின் லிடகோர் அமைச்சராக இருந்தபோது போட்ட எரிசக்தி ஒப்பந்தத்தில் ஒரு கட்சி தவிர எல்லாக் கட்சிகளும் சேர்ந்திருந்தன. இப்போது நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது என்றால் அது தனி ஒரு அமைச்சரின் சாதனை இல்லை.

சுற்றுச்சூழலுக்கென்று அமைச்சகம் தொடங்கியது 1971-இல். முதலில் அதற்கு வைத்த பெயர் மாசு எதிர்ப்பு அமைச்சகம். முதல் அமைச்சர் யென்ஸ் கம்ப்மன். இரண்டே ஆண்டில் பெயரைச் சுற்றுச்சூழல் அமைச்சகம் என்று மாற்றினார்கள். அதே 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அன்றைக்கு நாட்டின் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்கு எண்ணெய்தான், அதுவும் இறக்குமதி. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசு தடை போட்டது. நெடுஞ்சாலையில் ஜனங்கள் சைக்கிளில் போகும் கறுப்பு வெள்ளைப் படங்கள் இப்போதும் இங்கே பிரபலம். ஆக, எல்லாம் பசுமைப் பற்றில் தொடங்கியதாக நினைக்க வேண்டாம். முதலில் வந்தது பயம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2020 நவம்பரில் பிரதமர் மெட்ட ஃபிரெடரிக்சன், கொரோனா வைரஸ் உருமாறிப் பரவுகிறது என்று நாட்டிலுள்ள மிங்க் பிராணிகள் அத்தனையையும் கொல்லச் சொன்னார். ரோமத்துக்காகப் பண்ணைகளில் வளர்த்தவை, ஒரு கோடிக்கும் மேல். நோய் இல்லாத பண்ணைகளில் அப்படிக் கொல்லச் சட்டத்தில் இடமே இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. இரண்டே வாரத்தில் துறை அமைச்சர் மொகன்ஸ் யென்சன் பதவி விலகினார். பிரதமருக்கு நாடாளுமன்றத்தின் கண்டிப்பு கிடைத்தது, பதவி போகவில்லை. பெரிய நாற்காலி தப்பிக்க, சின்ன நாற்காலி காலியாவது எல்லா ஊரிலும் உண்டு போல.

வியாழன், கோபன்ஹேகன்

காலையில் கால்வாயைத் தாண்டி கிறிஸ்தியான்ஸ்ஹாவன் பக்கம் நடந்தேன். வெளியுறவு அமைச்சகம் இருக்கும் இடத்தின் பெயர் ஆசியாடிஸ்க் பிளாட்ஸ், அதாவது ஆசியச் சதுக்கம். 18-ஆம் நூற்றாண்டில் டேனிஷ் ஆசியக் கம்பெனியின் கிடங்குகள் இருந்த துறை இது. அந்தக் கம்பெனியின் கப்பல்கள் சீனாவுக்கும் நம் தரங்கம்பாடிக்கும் போய் வந்தவை. ஒரு கிடங்கு அப்படியே நிற்கிறது. தடித்த சுவர், அடுக்கடுக்காகச் சின்ன ஜன்னல்கள். மிளகும் துணியும் குவிந்திருந்த இடத்தில் இப்போது ராஜதந்திரிகள் கூட்டம் நடத்துகிறார்கள்.

இந்த அமைச்சகத்தில்தான் வளர்ச்சி உதவி அமைச்சர்களும் உட்கார்வார்கள். தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாவது ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்ற ஐ.நா. இலக்கை 1978 முதல் விடாமல் எட்டி வரும் நாடு டென்மார்க். அப்படிச் செய்யும் நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2022-இல் அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஃபிளெமிங் மோலர் மோர்டன்சன். வங்கதேசத்துக்குப் போய் வெள்ளமும் புயலும் அடித்துப்போட்ட இடங்களைப் பார்த்துவிட்டு வந்தவர், அந்த ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் 10 கோடி டேனிஷ் குரோனர் அறிவித்தார். பருவநிலை மாற்றத்தால் ஏற்கெனவே ஏற்பட்டுவிட்ட சேதத்துக்கு இழப்பீடாக. தொகை பெரிதில்லை. ஆனால் பணக்கார நாடுகள் "இழப்பீடு" என்று காதில் விழுந்தாலே எழுந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. இரண்டு மாதம் கழித்து எகிப்து மாநாட்டில் அதற்கென்று தனி நிதியே அமைக்க ஒப்புக்கொண்டார்கள். கதவை முதலில் தட்டியவர்களில் இவரும் ஒருவர்.

மதியம் மெட்ரோ பிடித்து பெல்லா சென்டர். 2009 டிசம்பரில் ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்த கண்காட்சி வளாகம். இன்று உள்ளே ஏதோ வணிகக் கண்காட்சி. கழுத்தில் அட்டை மாட்டிய கோட்டுக்காரர்கள் காபிக்கு வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு இதே வாசலில் உள்ளே விடாமல் மணிக்கணக்கில் குளிரில் நின்றவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

அந்த மாநாட்டைத் தலைமை தாங்கி நடத்த வந்தவர் கொன்னி ஹெடகோர். பழமைவாதக் கட்சிக்காரர், முன்பு பத்திரிகையாளர், 2004-இலிருந்து சுற்றுச்சூழல் அமைச்சர், 2007-இல் டென்மார்க்கின் முதல் பருவநிலை அமைச்சர். இந்த மாநாட்டுக்காகவே உலகத்தைச் சுற்றி வந்தவர். மாநாடு பாதியைத் தாண்டியதும், தலைவர்கள் வருகிறார்கள், பிரதமர்தான் தலைமை ஏற்க வேண்டும் என்று நாற்காலியிலிருந்து இறங்கினார். உட்கார்ந்தவர் லார்ஸ் லோக்கே ராஸ்முஸன், பிரதமராகி எட்டு மாதமே ஆனவர். அதற்கு முன்பே டேனிஷ் அரசு தயாரித்த வரைவு ஒன்று பத்திரிகையில் கசிந்து, இது பணக்கார நாடுகளுக்குச் சாதகம் என்று ஏழை நாடுகள் கொதித்துப் போயிருந்தன. கடைசி இரவில் அமெரிக்காவின் ஒபாமா, நம் மன்மோகன் சிங், சீனாவின் வென் ஜியாபாவ், பிரேசிலின் லூலா, தென்னாப்பிரிக்காவின் ஜூமா உட்கார்ந்து ஒரு தாளை எழுதினார்கள். அறையில் டென்மார்க் இல்லை. பொது அவையில் துவாலு, வெனிசுலா, பொலிவியா, சூடான் எல்லாம் எதிர்க்க, மாநாடு அந்தத் தாளை ஏற்கவில்லை, "கவனத்தில் கொண்டது" என்று மட்டும் பதிவு செய்து கலைந்தது.

இதைப் படுதோல்வி என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால், புவி வெப்ப உயர்வுக்கு 2 டிகிரி என்ற வரம்பும் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்ற வாக்குறுதியும் இந்தக் கட்டடத்தில் எழுதிய அந்தத் தாளில் இருந்தவைதான். ஆனாலும் பாதியில் ஓட்டுநரை மாற்றியது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. மாதக்கணக்கில் எல்லா நாட்டு அமைச்சர்களோடும் பேசி முகம் பழகியவர் ஹெடகோர். கடைசி நேரத்தில் தேவைப்பட்டது அந்தப் பழக்கம்தான்.

அவர் அதோடு ஒதுங்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் முதல் பருவநிலை ஆணையராக 2010-இல் பிரஸல்ஸுக்குப் போனார். 2011 டர்பன் மாநாட்டின் கடைசி இரவில், விடியும் நேரத்தில், அவைக்கு நடுவே நின்று ஒரு சொற்றொடருக்காக அவரோடு மல்லுக்கட்டியவர் யார் தெரியுமா? இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர், நம் சென்னைக்காரர் ஜெயந்தி நடராஜன். எல்லா நாடுகளுக்கும் ஒரே சட்டக் கட்டு வேண்டும் என்றார் ஹெடகோர், ஏழைகளின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வரவில்லை என்றார் ஜெயந்தி. சுற்றி நின்ற கூட்டத்துக்கு நடுவே, "சட்ட வலிமையுள்ள ஒப்புக்கொண்ட விளைவு" என்று இரு தரப்பும் விழுங்கக்கூடிய ஒரு வாசகம் பிறந்தது. பாரிஸ் ஒப்பந்தத்துக்கு வழி அங்கேதான் திறந்தது.

சாயங்காலம் அமாகர் கடற்கரை. எதிரே கடலுக்குள் லேசான வளைவாக 20 காற்றாலைகள், மிடல்குருண்டன். 2000-இல் நட்டவை. அதில் பாதி, பங்கு வாங்கிய சாதாரண ஜனங்களின் கூட்டுறவுக்குச் சொந்தம். அவற்றைப் பார்த்துக்கொண்டே ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். ஐஸ்கிரீம் விலையைச் சொல்ல மனம் வரவில்லை.

வெள்ளி, கலுண்ட்போர் வழியாக சாம்ஸோ

ரயிலில் கலுண்ட்போர். ஒரு ஆலையின் கழிவு நீராவியும் ஜிப்சமும் இன்னொரு ஆலையின் மூலப்பொருளாகப் போகும் ஏற்பாட்டுக்குப் பெயர் போன ஊர். படகுக்கு நேரமானதால் குழாய்களைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

படகு பாலன் துறையில் இறக்கிவிட்டது. சாம்ஸோ தீவு: 114 சதுர கிலோமீட்டர், நாலாயிரம் பேர்கூட இல்லை. உருளைக்கிழங்குக்குப் பேர் போனது. மே மாதத்தில் புதுக்கிழங்கு வரும். சாலை ஓரம் மரப்பெட்டி வைத்து மண்ணோடு கிழங்கை நிரப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆள் கிடையாது. பெட்டிக்கு மேலே கைப்பேசியில் பணம் அனுப்பும் எண். தோல் அவ்வளவு மெல்லிசு, விரலால் தேய்த்தாலே உரிகிறது. வேகவைத்து வெண்ணெய், உப்பு. வேறு எதுவும் வேண்டாம்.

இந்தத் தீவுக்கு என்னை இழுத்து வந்தவர் ஸ்வென் அவுகன். 1993 முதல் 2001 வரை சுற்றுச்சூழல் அமைச்சர், 1994 முதல் எரிசக்தியும் அவர் கையில். மின்சாரம் தயாரிப்பவனும் புகையைக் கணக்கெடுப்பவனும் ஒரே அமைச்சரிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. டென்மார்க்கின் அமைச்சரவைகளில் இதைவிட நல்ல ஏற்பாடு வந்ததாக எனக்குத் தெரியவில்லை. 1997-இல், கியோட்டோ பருவநிலை ஒப்பந்தம் வந்த ஆண்டு, அவரது அமைச்சகம் ஒரு போட்டி வைத்தது: பத்து ஆண்டில் முழுக்க மரபுசாரா எரிசக்திக்கு மாறிக்காட்ட எந்தத் தீவு தயார்? வென்றது சாம்ஸோ. பெரிய பரிசுத்தொகை ஒன்றும் கிடையாது. அதுவரை வீடுகளை எண்ணெய் எரித்துச் சூடாக்கிக்கொண்டு, நிலக்கரி மின்சாரத்தைக் கடலடிக் கம்பி வழியாக வாங்கிக்கொண்டிருந்த ஊர்.

சனி, சாம்ஸோ

நிலத்தில் ஒரு மெகாவாட் காற்றாலைகள் 11. தீவுக்குத் தெற்கே கடலில் 2.3 மெகாவாட் காற்றாலைகள் 10. நிலத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை விவசாயிகளுடையவை, மீதி கூட்டுறவு. கடலில் இருப்பவற்றில் ஐந்தை நகராட்சியே வாங்கியது. கண்ணை மறைக்கிறது, சத்தம் போடுகிறது என்று மற்ற ஊர்களில் வரும் புகார் இங்கே எடுபடாததற்குக் காரணம் அதுதான். சுற்றுவது அவரவர் பணம்.

வைக்கோல் எரித்து ஊருக்கு வெந்நீர் அனுப்பும் கூடம் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். உள்ளே உலர்ந்த களத்து வாசனை. ஆள் உயர வைக்கோல் கட்டுகள் கிரேனில் நகர்ந்து வந்து ஒவ்வொன்றாக அடுப்பு வாய்க்குள் போகின்றன. சூடான தண்ணீர் பூமிக்கடியில் குழாயில் வீடு வீடாகப் போய்த் திரும்பி வருகிறது. சாம்பலை அதே வயல்களுக்கு உரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்களாம். அங்கே வேலை செய்பவரிடம் அவுகனைப் பற்றிக் கேட்டேன். "கோபன்ஹேகன்காரர் போட்டி வைத்தார், நாங்கள் குழாய் பதித்தோம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

2001-இல் ஆட்சி மாறியது. புதுப் பிரதமர் ஆண்டர்ஸ் ஃபோ ராஸ்முஸன் வந்ததும் சுற்றுச்சூழல் செலவுகளை வெட்டினார், அவுகன் காலத்தில் திட்டமிட்ட கடல் காற்றாலைப் பண்ணைகளில் மூன்றை ரத்து செய்தார். அதே மனிதர் சில ஆண்டு கழித்து, பெட்ரோலும் நிலக்கரியும் இல்லாத டென்மார்க் வேண்டும் என்று பேசி, 2007-இல் பருவநிலைக்குத் தனி அமைச்சகம் தொடங்கினார். அவுகன் 2009 ஆகஸ்டில் இறந்துபோனார், தன் நாட்டில் நடந்த அந்த உலக மாநாட்டுக்கு நாலு மாதம் முன்பு. அவர் தங்கை மகள் ஈடா அவுகன் 2011-இல் அதே நாற்காலிக்கு வந்தார்.

ஞாயிறு, வைலே

படகில் யூட்லாண்ட் கரை, பேருந்து, ரயில் என்று மாறி மாறி வைலே. மலைச்சரிவும் மரங்களும் கடல் உள்ளே நீண்டு வந்த நீர்ப்பரப்புமாக, படத்தில் பார்த்தால் சொர்க்கம். கரையில் குனிந்து பார்த்தேன். வழவழவென்று பழுப்புப் பச்சைப் பாசி கற்களை மூடியிருக்கிறது. குச்சியால் கிளறினால் கீழே கறுப்புச் சேறு, கூடவே அழுகிய முட்டை வாசனை. 2024 ஏப்ரலில் ஆயிரம் பேர் அளவில் கூடி இந்தக் கடற்கழிக்கு இறுதிச் சடங்கே நடத்தினார்கள். துக்க உடை, இரங்கல் உரை, எல்லாம்.

காரணம் தெளிவு. நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 60 சதவீதம் விளைநிலம். ஆண்டுக்கு சுமார் 3 கோடிப் பன்றிகள் வளர்க்கிறார்கள். உரமும் சாணமும் மழையில் கரைந்து நைட்ரஜனாகக் கடலுக்கு வருகின்றன. பாசி பெருகுகிறது, அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, மீன் செத்துப்போகிறது. காற்றாலைக்கு எல்லாக் கட்சியையும் உட்கார வைத்த அதே மேசையில்தான் விவசாயச் சங்கமும் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் பன்றியைத் தொட இத்தனை ஆண்டு ஆனது. எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போவதில் இந்த வில்லங்கம் உண்டு. வலுத்தவன் மறுத்தால் வண்டி நகராது.

2024 ஜூனில் ஒருவழியாக நகர்ந்தது. அரசு, விவசாயச் சங்கம், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், தொழிற்சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஓர் உடன்பாடு. நவம்பரில் நாடாளுமன்றக் கட்சிகளும் கையெழுத்திட்டன. 2030 முதல் கால்நடைகள் விடும் வாயுவுக்கு வரி. உலகத்தில் வேறு எந்த நாடும் இதுவரை செய்யாதது. டன்னுக்கு 300 குரோனர், 2035-இல் 750, ஆனால் பெரும் வரித் தள்ளுபடி போக விவசாயி கட்டுவது 120, பிறகு 300. இரண்டரை லட்சம் ஹெக்டேர் புதுக்காடு. கடலுக்குப் போகும் நைட்ரஜனில் ஆண்டுக்கு 13,780 டன் குறைப்பு. இதை நடத்திவைக்க மட்டும் ஒரு புது அமைச்சர்: யெப்பே புரூஸ், வரித்துறையிலிருந்து வந்தவர். சுற்றுச்சூழல் அமைச்சர் மக்னஸ் ஹொய்னிக்கே ஒரு பக்கம் இருக்க இன்னொருவர் எதற்கு என்று கேட்கலாம். நிலத்தை எங்கே காடாக்குவது, எங்கே சதுப்பாக்குவது என்று ஊர் ஊராக உட்கார்ந்து பேச முழு நேர ஆள் வேண்டும். அந்தத் தள்ளுபடியைப் பார்த்தால் யார் வென்றார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டுதான். இருந்தாலும் விவசாயச் சங்கமே கையெழுத்துப் போட்ட வரியை நாளைக்கு வேறு கட்சி வந்து கிழிப்பது கஷ்டம்.

திங்கள், எஸ்பியர்

மேற்குக் கடற்கரை. காற்று ஆளைத் தள்ளுகிறது. கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நாலு வெள்ளை மனிதர்கள், ஒவ்வொருவரும் ஒன்பது மீட்டர். துறைமுகத்தில் காற்றாலை இறக்கைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் பக்கத்தில் நடந்து முடிக்கவே நேரமாகிறது. நிலக்கரி மின் நிலையம் 2024-இல் மூடப்பட்டுவிட்டது, 250 மீட்டர் புகைபோக்கி மட்டும் வேலையில்லாமல் நிற்கிறது. ஊரைச் சூடாக்க இப்போது கடல்நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ராட்சதப் பம்பு.

டான் யோர்கன்சனின் கதை இந்தக் கடலோடு சேர்ந்தது. 2019 முதல் 2022 வரை பருவநிலை அமைச்சர். பசுமைக்குடில் வாயுக்களில் 1990 அளவிலிருந்து 2030-க்குள் 70 சதவீதம் குறைப்பு என்ற சட்டம் 2020-இல் அவர் காலத்தில் வந்தது. இலக்கை எட்ட முடியாது என்று தெரிந்தால் புது நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று அமைச்சரையே கட்டிப்போடும் சட்டம் அது. அதே ஆண்டு டிசம்பரில், வடகடலில் இனிப் புது எண்ணெய் உரிமம் இல்லை, 2050-இல் எடுப்பதே நிற்கும் என்று அறிவித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிகம் எண்ணெய் எடுக்கும் நாடு அப்போது டென்மார்க். அவர் 2021 செப்டம்பரில் சென்னைக்கும் வந்து முதல்வர் ஸ்டாலினைச் சந்தித்தார். மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலை பற்றிப் பேச்சு. இப்போது பிரஸல்ஸில் எரிசக்தி ஆணையர்.

அவருக்குப் பின் வந்த லார்ஸ் ஓகோர் மின்துறை அமைப்பிலிருந்து வந்தவர், கணக்கு தெரிந்தவர். ஆனால் 2024 டிசம்பரில் வடகடலில் 3 கிகாவாட் காற்றாலைகளுக்கு ஏலம் விட்டபோது ஒரு கம்பெனிகூட வரவில்லை. வட்டி ஏறிவிட்டது, இரும்பு விலை ஏறிவிட்டது, மானியமும் கிடையாது, யார் வருவார்கள்? போன வாரம்தான் அரசு இறங்கிவந்து 5,500 கோடி குரோனர் வரை மானியம் தருகிறோம் என்று மறுபடி அறிவித்தது. 40 ஆண்டாகத் தொடாத அணுமின்சாரத்தையும் ஆராய்ந்து பார்ப்போம் என்று இதே மாதம் சொல்லியிருக்கிறார்கள். 1985-இல் நாடாளுமன்றம் வேண்டாம் என்று ஒதுக்கியது அது.

துறைமுகத்தில் மீன் வறுவல் கடையில் பக்கத்து மேசைக்காரர் கடலில் காற்றாலை பழுது பார்ப்பவர். மானியச் செய்தியைக் கேட்டேன். "கம்பெனிகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றன. அமைச்சரும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு நாளைக்கு காலை ஐந்து மணிக்குக் கப்பல்" என்றார். முதல் ஏலத்தின் முடிவு தெரிய அடுத்த ஆண்டு ஆகிவிடும்.